ராக்கர் சுவிட்சை மேலே அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, கீழே அழுத்தினால் ஃபியூஸ் போகிறது

கோத்தகிரி_குடில்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "படம் வரைந்து போடுங்கள்" என்பீர்கள், எனக்குப் படம் வரைய வராது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஐந்து சென்டில் சின்னதாக ஒரு பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் போர்த்திய குடில்), கார்னேஷன் பூ போட்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரை. திரையின் அடிப்பக்கம் ஒரு இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் சுற்றியிருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் பைப் உருண்டு திரை ஏறும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். வெயில் ஏறியதும் தூக்க வேண்டும், சாயந்திரம் நாலரைக்குள் இறக்க வேண்டும். மார்கழி, தையில் ஒரு நாள் மறந்தால்கூட பகல் சூட்டுக்கும் ராத்திரி குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஓரத்து வரிசையில் மொட்டு பக்கவாட்டில் வெடித்து இதழ் பிதுங்கிவிடும், அந்தப் பூவை வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார்.

இந்தச் சுற்றும் வேலை அம்மாவுடையது. அவருக்கு முழங்கால் வலி, குடில் வீட்டுக்கு இரண்டு படி கீழே இருக்கிறது, இருட்டினால் அந்தப் பக்கம் காட்டெருமை வந்து நிற்கும். அதனால் சமையலறைக் கதவு பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்தே திரையை ஏற்றி இறக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

கோயம்புத்தூர் போனபோது உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு கார் வைப்பர் மோட்டார் வாங்கினேன். ஆன்லைனில் 12 வோல்ட் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டுவதற்கென்றே ஒயர் சேர்த்து விற்கிற ராக்கர் சுவிட்ச் (மேலும் கீழும் சாய்த்து அழுத்துவது) ஒன்று வாங்கினேன். பின்னால் ஆறு பின், அதில் இரண்டு குட்டி ஒயர் குறுக்காக ஓடுகிறது, வெளியே இரண்டு ஜோடி ஒயர் வருகிறது. ஒரு ஜோடி பேட்டரிக்கு, ஒரு ஜோடி மோட்டாருக்கு, அவ்வளவுதான் வேலை என்று போட்டிருந்தது.

மோட்டாரில் நாலு ஒயர் வருகிறது. கடைக்காரர் ஒன்றில் பிளஸ்ஸைக் கொடுத்து மைனஸை மோட்டார் உடம்பிலேயே தொட்டு ஓட்டிக் காட்டினார். நானும் அதேபோல சுவிட்சிலிருந்து வரும் ஒரு ஒயரை அந்த ஒயரிலும் இன்னொன்றை மோட்டாரின் போல்ட்டிலும் கட்டினேன். தரையில் வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஜோராகச் சுற்றியது. மோட்டாரைக் குடிலில் மாட்டிய பிறகு மேலே அழுத்தினால் திரை ஏறுகிறது, கீழே அழுத்தினால் முதல் தடவை ஒயர் தோல் உருகி ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், அம்மா பக்கெட் தண்ணீரோடு வந்துவிட்டார். அப்புறம் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். கீழே அழுத்தும்போதெல்லாம் ஃபியூஸ் போகிறது. மூன்று ஃபியூஸ் போயாச்சு. சுவிட்ச் கோளாறா, மோட்டார் கோளாறா, நான் கோளாறா?

சால்டரிங்_சாமி, குன்னூர்:

சுவிட்ச்தான் சார், சந்தேகமே வேண்டாம். இந்த மாதிரி ஒயர் சேர்த்து வரும் சுவிட்சில் பத்தில் ஒன்று தப்பாகத்தான் வரும், நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஆறு பின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது ஒரே பொத்தானுக்குக் கீழே இருக்கும் இரண்டு தனித்தனி சுவிட்ச். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று பின். நடுப் பின் ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு முனையோடு சேரும், மறுபக்கம் அழுத்தினால் எதிர் முனையோடு சேரும், நடுவில் நிறுத்தினால் எதோடும் சேராது. நாலு மூலையையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்காக இணைத்துவிட்டால் ஒரு பக்கம் அழுத்தும்போது பிளஸ் இந்த ஒயரில், மறுபக்கம் அழுத்தும்போது அதே பிளஸ் அந்த ஒயரில். வைப்பர் மோட்டாருக்குள் இருப்பது நிரந்தரக் காந்தம், அதனால் பிளஸ் மைனஸ் மாறினால் சுற்றும் திசையும் மாறும். பேட்டரியை நடுவில் கொடுத்து மோட்டாரை மூலையில் கொடுத்தாலும் சரி, மாற்றிக் கொடுத்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

இதில் குறுக்கு ஒயரை நேராக வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் சுற்றும். அதுகூடப் பரவாயில்லை, ஒரே முனையில் இருக்கும் இரண்டு பின்னையும் சேர்த்துவிட்டால் அந்தப் பக்கம் அழுத்தியதும் நேரே ஷார்ட். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள், இரண்டு முனைக்கும் நடுவில் கரண்ட் போக வழி இருந்தால் பீப் அடிக்கும். மேலே அழுத்தி, பேட்டரி சிவப்பு மோட்டாரின் எந்த ஒயரோடு பீப் அடிக்கிறது என்று பாருங்கள். கீழே அழுத்தினால் அது மற்றதோடு அடிக்க வேண்டும். நடுவில் எதோடும் அடிக்கக்கூடாது. முக்கியமானது, பேட்டரி சிவப்பும் பேட்டரி கறுப்பும் எந்த நிலையிலும் ஒன்றோடு ஒன்று பீப் அடிக்கவே கூடாது. அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கோத்தகிரி_குடில்:

சார் இல்லை, அக்கா. பரவாயில்லை, கடையிலும் "வீட்டுக்காரர் வரலையா" என்றுதான் கேட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்துவிட்டேன். மேலே அழுத்தினால் சிவப்புக்கு சிவப்பு, கீழே அழுத்தினால் சிவப்புக்கு கறுப்பு, நடுவில் சத்தமே இல்லை. பேட்டரி சிவப்பும் கறுப்பும் எந்த நிலையிலும் பீப் அடிக்கவில்லை. சுவிட்ச் சரியாகத்தான் இருக்கிறது. தரையில் வைத்தபோது இரண்டு பக்கமும் ஓடியது என்று முதலிலேயே எழுதியிருந்தேனே.

பழைய_வயர்மேன், கேத்தி:

தம்பி சாமி அவசரப்பட்டுவிட்டார். அம்மா, விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "மைனஸை மோட்டார் உடம்பில் தொட்டு", "போல்ட்டில் கட்டினேன்", "தரையில் ஓடியது, குடிலில் மாட்டிய பிறகு ஓடவில்லை". இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறைய வைப்பர் மோட்டாரில் மைனஸ் பக்கத்து பிரஷ் (சுற்றும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) உள்ளேயே உடம்போடு சேர்ந்திருக்கும். காரில் அது வசதி. கார் தகரம் முழுக்க பேட்டரியின் மைனஸ்தான், மோட்டாரைத் திருகி மாட்டினாலே ஒரு ஒயர் மிச்சம். சாதாரண கார் வைப்பர் மோட்டாரைத் திருப்பிச் சுற்ற வைப்பதில்லை, கைகள் போய்த் திரும்புவது கம்பியும் கீலும் செய்யும் வேலை, மோட்டார் எப்போதும் ஒரே திசைதான். அதனால் அங்கே தொல்லை வராது.

நீங்கள் அதைத் திருப்பிச் சுற்றச் சொல்கிறீர்கள். மேலே அழுத்தும்போது உடம்பு மைனஸ். கீழே அழுத்தும்போது சுவிட்ச் மாறி, மோட்டாரின் உடம்பு முழுக்க பிளஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த உடம்பு திரை பைப்போடு ஒட்டியிருக்கிறது, பைப் குடிலின் ஜிஐ சட்டத்தைத் தொடுகிறது. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், உங்கள் பேட்டரியின் மைனஸ் எங்காவது அந்தச் சட்டத்தைத் தொடுகிறதா? தொட்டால் பிளஸ் உடம்பு வழியாகச் சட்டத்துக்குப் போய், சட்டம் வழியாக நேரே மைனஸுக்கு வந்துவிடும். மோட்டார் நடுவிலேயே இல்லை. ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்.

மோட்டார் ஒயர்களையும் சுவிட்ச் ஒயர்களையும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஜிஐ பைப்பிலும் வையுங்கள். பைப்பில் துத்தநாகத்தின் மேல் வெள்ளை பூத்திருக்கும், நன்றாகச் சுரண்டிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும்.

கோத்தகிரி_குடில்:

ஐயா, கும்பிடுகிறேன்.

பீப் அடித்தது. எங்கே தொடுகிறது என்று பேட்டரிப் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். குடில் விளக்குக்காக இரண்டு வருடம் முன்பு சோலார் மாட்டியவர் மைனஸிலிருந்து ஒரு பச்சை ஒயரை எடுத்து, தூணின் பின்பக்கம், செடி மறைவில், பைப்பில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார். எர்த்தாம். கிளாம்ப் துருப்பிடித்துப் போய் ஒரு பக்கம் பச்சைப் பாசி, ஆனாலும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தரையில் மோட்டார் ஏன் ஓடியது என்பதும் இப்போதுதான் புரிகிறது, அப்போது மோட்டார் ஒரு சாக்கின் மேல் இருந்தது.

அந்த ஒயரைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். ஏறுகிறது, இறங்குகிறது. ஏறுவதற்கு 25 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா ஐந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார், பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு ஆறாவது முறை காட்டினார்.

ஆனால் இதோடு முடியவில்லை. நேற்று அம்மா மேலே அழுத்திவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டார். இந்த சுவிட்ச் அழுத்தினால் அழுத்தின இடத்திலேயே நிற்கிறது. திரை உச்சிக்குப் போய் முட்டிய பிறகும் மோட்டார் முனகிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் போய்த் தொட்டபோது கை வைக்க முடியாத சூடு. பிழைத்துக்கொண்டது, ஆனால் திரையின் மேல் ஓரம் ஒரு ஜாண் கிழிந்துவிட்டது. இன்னொன்று, சுவிட்சை வீட்டிலிருந்து கட்டியபோது மோட்டார் மெதுவாக ஓடுகிறது, பேட்டரி பக்கத்தில் வைத்துக் கட்டினால் வேகமாக ஓடுகிறது. வீட்டிலிருந்து குடிலுக்கு ஒயர் 12 மீட்டர்.

பூம்பாறை_பூண்டு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. பூண்டு மண்ணும் தோலும் உதிர்க்க ஒரு டிரம் செய்து வைத்திருக்கிறேன், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டுதான், பேர் வாங்கிவிட்டது, தோல் உரிப்பது மட்டும் இன்னும் நாங்கள்தான். டிரம்மை ஓட்டுவது வீட்டுக் கரண்டில் ஓடும் அரை குதிரைசக்தி மோட்டார். அவ்வப்போது உள்ளே சிக்கிக்கொள்ளும், திருப்பிச் சுற்றினால் விட்டுவிடும். அக்கா வாங்கிய இந்த ஆறு பின் சுவிட்சையே அந்த மோட்டாருக்கும் போடலாமா? அதன் மேல் 250 வோல்ட் 16 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் படத்தில் பார்த்தேன்.

பழைய_வயர்மேன், கேத்தி:

பூம்பாறை தம்பி, போடக்கூடாது. வீட்டுக் கரண்டில் ஓடும் மோட்டாருக்கு வரும் இரண்டு ஒயரையும் மாற்றிக் கட்டினால் திசை மாறவே மாறாது. கரண்டே நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது, நீங்கள் புதிதாக என்ன மாற்றப்போகிறீர்கள்? உள்ளே ஓடும் சுருள் ஒன்று, கிளப்பிவிடும் சுருள் ஒன்று, கெபாசிட்டர் அதோடு சேர்ந்தது. கிளப்பிவிடும் சுருளின் இரண்டு முனையை மட்டும் தனியாக மாற்ற வேண்டும். அதுவும் மோட்டார் முழுதாக நின்று, உள்ளே, வேகம் பிடித்ததும் கிளப்பிவிடும் சுருளைத் துண்டிக்கிற சுழல் சுவிட்ச் "டக்" என்று விழுந்த பிறகுதான். ஓடும்போதே மாற்றினால் அது பாட்டுக்குப் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கென்று தடித்த கைப்பிடியோடு முன்-நிறுத்து-பின் சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது, மோட்டாரில் நாலு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று மோட்டார் கட்டுபவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். கோத்தகிரி அம்மா சட்டத்திலிருந்து எர்த் ஒயரைக் கழற்றினார், அது 12 வோல்ட், தனி பேட்டரி. அதைப் படித்துவிட்டு உங்கள் டிரம்மின் எர்த்தைக் கழற்றிவிடாதீர்கள். ஈரக் கையோடு பூண்டு அள்ளுகிற இடம்.

மிக்ஸி மோட்டாரைத் திருப்பலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதிலும் வெளி ஒயரை மாற்றிப் பயனில்லை, காந்தச் சுருளும் சுற்றும் சுருளும் ஒன்றாகவே மாறும். ஒன்றை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும், அப்படியும் பிளேடு திருகு கழன்று பறக்கும். விட்டுவிடுங்கள்.

சால்டரிங்_சாமி, குன்னூர்:

அக்கா, முதலில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். உடம்பு எர்த் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

வேகம் குறைவதற்குக் காரணம் ஒயர். கரண்ட் குடிலில் இருக்கும் பேட்டரியிலிருந்து வீட்டு சுவிட்சுக்கு 12 மீட்டர் வந்து, மோட்டாருக்கு 12 மீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும், மொத்தம் 48. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் அதன் தடை கிட்டத்தட்ட 0.58 ஓம். மோட்டார் 6 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய மூன்றரை வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகிறது. நீங்கள் அதைவிட மெல்லிசாகப் போட்டிருந்தால் இன்னும் மோசம். சுவிட்சோடு கூட வந்த குட்டி ஒயரைப் பார்த்தாலே தெரியும், அது பொம்மைக்கார் மோட்டாருக்குப் போதும், இதற்குப் போதாது.

பூம்பாறை நண்பர் சொன்ன 250 வோல்ட் 16 ஆம்பியர் அச்சை நம்பி அக்காவும் ஏமாந்துவிட வேண்டாம். அது வீட்டுக் கரண்டுக்கான கணக்கு. அந்தக் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி அந்த இடத்தில் தானாக அணைந்துவிடும். பேட்டரி கரண்ட் பூஜ்யத்தைத் தொடவே தொடாது, பொறி நீண்டு எரியும், அதிலும் மோட்டார் சுருள் வேறு பின்னாலிருந்து தள்ளும். அதனால் பேட்டரிக்கு எத்தனை ஆம்பியர் என்று தனியாக அச்சடித்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பாதிகூட நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து கீழுக்கு ஒரே தள்ளாகத் தள்ளவும் கூடாது. மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதுவும் ஒரு பேட்டரி மாதிரி வோல்ட் கொடுக்கும், திருப்பிப் போட்டதும் இரண்டும் கூடி, முட்டி நிற்கும்போது இழுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் பாயும். நடுவில் நிறுத்தி, இரண்டு எண்ணிவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

உச்சியில் தானாக நிற்க லிமிட் சுவிட்ச் போடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, சாதாரணமாக மூடியிருந்து தட்டினால் திறக்கும் வகை. இரண்டையும் ஒரே மோட்டார் ஒயரில் வரிசையாகச் சேர்க்க வேண்டும். ஆனால் சும்மா சேர்த்தால் மேலே போய் நின்றது நின்றதுதான், கீழே அழுத்தினாலும் கரண்ட் போக வழி இல்லை. அதனால் ஒவ்வொரு லிமிட் சுவிட்சின் குறுக்கேயும் ஒரு டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது), ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில். மேல் சுவிட்ச் திறந்திருக்கும்போது அதன் டையோடு ஏறும் கரண்டை மறிக்கும், இறங்கும் கரண்டை விடும். திரை ஒரு விரல் இறங்கியதும் சுவிட்ச் மூடிக்கொள்ளும், அப்புறம் டையோடுக்கு வேலை இல்லை. உச்சியைத் தட்டியும் நிற்காமல் ஓடினால் டையோடு திரும்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். கடையில் எடுத்துக் கொடுக்கும் அந்தச் சின்ன கறுப்பு டையோடு 1 ஆம்பியர்தான், மோட்டார் கிளம்பும் இழுப்பில் அது வெந்துவிடும். 10 ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய_வயர்மேன், கேத்தி:

டையோடு கணக்கு சரி தம்பி. ஆனால் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது, எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், ஐந்து கால் ரிலே இரண்டு. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் போடுவது. ரிலே என்பது சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்ச், உள்ளே சுருளுக்குக் கரண்ட் கொடுத்தால் அது இழுத்து, 30 என்ற காலை 87ஏ-யிலிருந்து 87-க்கு மாற்றிவிடும்.

ஒவ்வொரு ரிலேவிலும் 30 என்று போட்ட கால் மோட்டாரின் ஒரு ஒயருக்கு. 87 பேட்டரி பிளஸ்ஸுக்கு. 87ஏ பேட்டரி மைனஸுக்கு. சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு ஒயரும் மைனஸில் கிடக்கும், அதனால் மோட்டாருக்கு அதுவே பிரேக், திரை நிறுத்திய இடத்திலேயே நிற்கும். ஒரு ரிலே இழுத்தால் ஏறும், மற்றது இழுத்தால் இறங்கும், தவறி இரண்டும் சேர்ந்து இழுத்தால் இரண்டு பக்கமும் பிளஸ், ஒன்றும் ஆகாது. 85, 86 என்ற இரண்டு கால்தான் ரிலேவின் சுருள், அதில் ஒன்று மைனஸுக்கு, ஒன்று வீட்டு சுவிட்சுக்கு.

இதில் லாபம் என்னவென்றால் ரிலே பேட்டரி பக்கத்தில் குடிலிலேயே இருக்கும், தடித்த ஒயர் இரண்டு மூன்று அடியோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வரும் ஒயரில் ரிலேவின் சுருள் கரண்ட் மட்டும்தான், கிட்டத்தட்ட 150 மில்லி ஆம்பியர். மெல்லிய மூன்று கோர் ஒயர் போதும், 12 மீட்டர் என்ன, 50 மீட்டரும் இழுக்கலாம். உங்கள் ராக்கர் சுவிட்சில் பெரிய பொறி எழாது. லிமிட் சுவிட்சையும் மோட்டார் ஒயரில் போடாமல், மேலே இருப்பதை ஏற்றும் ரிலேவின் சுருள் ஒயரிலும் கீழே இருப்பதை இறக்கும் ரிலேவின் சுருள் ஒயரிலும் போட்டுவிடுங்கள். டையோடே வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரிலே போட்டாலும் உடம்பு கதை மாறவில்லை. இறக்கும்போது மோட்டார் உடம்பும் அதன் வழியாக உங்கள் குடில் சட்டமும் பிளஸ்ஸாகத்தான் இருக்கும். 12 வோல்ட், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எங்காவது தோல் உரிந்த மைனஸ் ஒயர் பைப்பைத் தொட்டால் பழைய கதைதான். அதனால் ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். முடிந்தால் மோட்டாரையே மாற்றிவிடுங்கள்.

பூம்பாறை_பூண்டு:

ஐயாவுக்கு நன்றி, மோட்டார் கட்டும் அண்ணனிடம் கொண்டு போகிறேன்.

மோட்டார் மாற்றுவதானால் கார் கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டாரைத் தேடுங்கள் அக்கா. அது பிறந்ததே இரண்டு பக்கமும் சுற்றத்தான். இரண்டே ஒயர், பெரும்பாலும் இரண்டும் உடம்பைத் தொடாது. வாங்கும்போது மீட்டரைக் கையோடு கொண்டு போய் ஒவ்வொரு ஒயருக்கும் உடம்புக்கும் நடுவில் பீப் அடிக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். என் நாற்றங்கால் குடிலில் இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒரேயடியாக ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினால் சூடாகித் தானே நின்றுவிடும், பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும், பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தைக்கு மட்டும் நாளைக்கு ஒரு முறைதான் காட்ட வேண்டும்.

இங்கே மூடுபனியில் பின் எல்லாம் பச்சை பூத்துவிடும். எல்லா பின்னிலும் கொஞ்சம் வாசலின் தடவி, ரிலேவைக் கால் கீழே பார்க்கும்படி மாட்டி, பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை இல்லாமல் இறுக்கி மூடினால்தான் உள்ளே வேர்த்துத் தண்ணீர் நிற்கும். சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்கும் பழக்கம் இருந்தால் செம்பு இன்னும் சீக்கிரம் கறுக்கும், அடிக்கும் நாளில் பெட்டியின் மேல் ஒரு பாலிதீன் கவர்.

கோத்தகிரி_குடில்:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். நடுவில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் பூவை இறக்க முடியவில்லை, எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதானே மழை, அந்தக் கவலையில் சுவிட்ச் ஞாபகமே இல்லை.

கண்ணாடி மோட்டாரே வாங்கினேன். கடையில் மீட்டரை எடுத்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. முதல் மோட்டாரில் ஒரு ஒயர் உடம்போடு பீப் அடித்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர் போய் துருப்பிடித்திருந்தது. இரண்டாவது சுத்தம். ரிலே இரண்டு, லிமிட் சுவிட்ச் இரண்டு, எல்லாம் ஒரு பழைய பிளாஸ்டிக் மிட்டாய் டப்பாவுக்குள். அடியில் ஓட்டை போட்டாச்சு. மேல் லிமிட் சுவிட்சைத் திரை முட்டும் இடத்துக்கு நாலு விரல் கீழேயே வைத்தேன், நின்ற பிறகும் மோட்டார் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும் என்று நினைத்தேன். அந்த பிரேக் வேலையால் அப்படியே சட்டென்று நிற்கிறது. இப்போது நாலு விரல் திறக்காமல் இருக்கிறது, மாற்ற சோம்பல்.

சாமி, உங்களிடம் ஒரு சந்தேகம். வீட்டு சுவிட்சுக்கு இப்போது மூன்று ஒயர்தான். அப்படியென்றால் காசு கொடுத்து வாங்கிய அந்தக் குறுக்கு ஒயர் இரண்டும் சும்மாதானே?

சால்டரிங்_சாமி, குன்னூர்:

சும்மா இல்லை அக்கா, இருந்தால் வம்பு. இரண்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு வரிசையின் மூன்று பின் போதும், நடுவில் பிளஸ், ஒரு முனை ஏற்றும் ரிலேவுக்கு, ஒரு முனை இறக்கும் ரிலேவுக்கு. குறுக்கு ஒயர் இருந்தால் அடுத்த வரிசைக்கும் பிளஸ் போய்க்கொண்டிருக்கும், பின்னால் யாராவது அந்தப் பின்னில் எதையாவது கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, சுவிட்ச் அழுத்திய இடத்திலேயே நிற்கும் வகை என்றீர்கள். லிமிட் தட்டியதும் ரிலே விட்டுவிடும், அதனால் ராத்திரி முழுக்க அழுத்தியே கிடந்தாலும் பேட்டரி இறங்காது. மாற்ற வேண்டியதில்லை.

கோத்தகிரி_குடில்:

வெட்டிவிட்டேன். எல்லாம் ஓடுகிறது.

ஒன்று மட்டும் தலைகீழ். சுவிட்சைச் சுவரில் பதித்த பிறகு பார்த்தால் மேலே அழுத்தினால் திரை இறங்குகிறது, கீழே அழுத்தினால் ஏறுகிறது. சுவிட்சில் இரண்டு ஒயரை மாற்றினால் போதும் என்று ஸ்க்ரூடிரைவரோடு போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். ஒரு வாரமாக அதற்குப் பழகிவிட்டாராம். கிணற்றில் கயிற்றைக் கீழே இழுத்தால்தானே வாளி மேலே வரும் என்கிறார்.

பழைய_வயர்மேன், கேத்தி:

மாற்றாதீர்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி எது ஏற்றம், எது இறக்கம் என்று மட்டும் எழுதி வையுங்கள், என்றைக்காவது அம்மா ஊருக்குப் போனால் நீங்கள்தான் திணறுவீர்கள்.